இடைச்செருகலும் உறுப்புச்செருகலும்: சிறுபாணாற்றுப்படை மின்பதிப்பை முன்வைத்து

முன்னுரை

ஆரோவிலுக்கு வடக்கே உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணமே சங்ககால எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை இவ்வூரை நேரே பெயர் சுட்டாது, மதிலின் பெயர் பெற்ற பட்டினம் எனக் குறிப்பால் உணர்த்துகிறது. எனவே மின்பதிப்பில் இவ்விடத்தே பதிப்பாசிரியர் விளக்கக்குறிப்பு ஒன்றைச் செருக வேண்டியுள்ளது. மூலத்தைச் சிதைக்காமல் அதனைச் செருகும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண் பிறழ்தல்

சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. எக்ஸ்.எம்.எல். கோப்பில் ஒவ்வோர் அடியையும் ஓர் உறுப்பாக அமைத்து, பைத்தான் மொழியின் எலிமென்ட்ட்ரீ நிரலகத்தால் கையாள்வதாகக் கொள்வோம். இந்நிரலகம் சுழியத்திலிருந்து எண்ணும். ஆதலின் 150 என்னும் இடத்தில் செருகப்படும் குறிப்பு, 150ஆம் அடிக்கும் 151ஆம் அடிக்கும் இடையே அமரும். அதன் பின்வரும் அடிகள் யாவும் ஓரிடம் தள்ளிப்போகும். இருப்பிட எண்ணைக் கொண்டு அடிகளை மேற்கோள் காட்டும் சொல்லடைவு, அவ்விடம் முதல் பிழைபடும். ஒவ்வோர் அடிக்கும் மாறாத அடையாளக்குறி வழங்கின் இப்பிழை நேராது.

எச்சவுரை இழப்பு

அடியின் நடுவே குறிப்பைச் செருகும்போது நேரும் இடர் இதனினும் பெரிது. எலிமென்ட்ட்ரீ அமைப்பில், குறிப்புக்கு முந்தைய சீர்கள் அடியுறுப்பின் உரையாக நிற்கும். பிந்தைய சீர்களோ குறிப்புறுப்பின் வாலாக அதனுடன் பிணைக்கப்படும். பின்னாளில் குறிப்பை மட்டும் நீக்க முயன்றால் அவ்வாலும் உடன் நீங்கும். நிரல் எவ்விதப் பிழைச்செய்தியும் தராது. மூலச்சீர்கள் மறைந்தமை அச்சுப்பதிப்புடன் ஒப்புநோக்கிய பின்னரே புலப்படும். ஆகவே நீக்குமுன் வாலை முந்தைய உரையுடன் இணைத்தல் இன்றியமையாதது.

எழுத்துப் பிளவு

செருகுமிடத்தைக் குறியீட்டெண்களால் கணக்கிடுதலும் தவறு. ஒருங்குறியில் 'நி' என்பது நகரம், இகரக்குறி என இரு குறியீடுகளால் ஆயது. அவற்றிடையே செருகினால் உயிர்மெய் பிளவுபடும். தொல்காப்பியம் ஓரெழுத்தாகக் கொள்ளும் உயிர்மெய்யை நிரலும் ஓரலகாகவே எண்ணுதல் வேண்டும்.

முடிவுரை

ஏடெழுதுவோர் சேர்த்தவை மூலத்துடன் கலந்து இடைச்செருகலாயின. அவற்றைப் பிரித்தறிதல் மூலபாட ஆய்வின் நீண்ட உழைப்பாயிற்று. மின்பதிப்பிலும் அந்நிலை நேராதிருக்க, குறிப்புகளை அடிகளுக்குப் புறத்தே தனித்தொகுதியாக அமைத்து, அடையாளக்குறியால் இணைத்து, செருகியவர் பெயரையும் பண்பாகப் பதிதல் தக்கது. 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. குறியீட்டு நெறிமுறை இதற்கு இடந்தருகிறது. எயிற்பட்டினம் பற்றிய கருத்து நாளை மாறினும், பாடலின் ஒரு சீரும் அதனால் குன்றாது.