குகன் என்னும் அண்ணன்

உடன்பிறந்தார் என்றால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதை நான் சொல்லித்தான் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் நம் தமிழ்க் கவிகள் அந்தச் சொல்லை அவ்வளவோடு விட்டுவிடவில்லை. பெற்ற தாய் வேறு, ஊர் வேறு, குலம் வேறு என்றிருப்பவனையும் ஒரே வார்த்தையால் உடன்பிறந்தவனாக்கிக் காட்டினார்கள். கம்பராமாயணத்தில் அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் ஆள் ஒரு படகோட்டி. இராயபுரத்துப் பெண்ணாகிய எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அயோத்தியா காண்டத்தில் குகப் படலம் என்று ஒரு பகுதி. கங்கைக் கரையில் சிருங்கிபேரம் என்னும் ஊர். அங்கே வேடர்களின் தலைவன் குகன். ஆயிரம் ஓடங்களுக்கு உரியவன். நாடிழந்து வந்த இராமனைக் காண அவன் தேனும் மீனும் எடுத்துக்கொண்டு வருகிறான்.

இப்பகுதி வகுப்பில் படிக்கப்பட்ட அன்று, மீன் என்ற சொல் வந்ததும் பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. இரண்டு மூன்று பேர் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பெஞ்சில் இருப்பவர்கள் மூவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நான் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை.

தமிழாசிரியை யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மேலே படிக்கச் சொன்னார்கள். இராமனைச் சுற்றி வயது முதிர்ந்த முனிவர்கள் இருக்கிறார்கள். இராமன் அவர்களைப் பார்த்துப் புன்னகை செய்கிறான். பிறகு குகனிடம், அன்போடு கொண்டுவந்தது எதுவானாலும் தூயதே, எம்மைப் போன்றவர்க்கு ஏற்றதே, நாம் அதை உண்டதாகவே கொள்வாய் என்ற பொருள்படப் பேசுகிறான். தவக்கோலத்தில் இருப்பதால் உண்ணவில்லை. ஆனால் முகம் சுளிக்கவும் இல்லை. “முனிவர்களைப் பார்த்து இராமன் ஏன் புன்னகை செய்ய வேண்டும்?” என்று ஆசிரியை கேட்டார்கள். வகுப்பில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மீனைக் கண்டதும் அவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்பதை நான் அப்போதுதான் நேரில் பார்த்திருந்தேன்.

மறுநாள் குகன் ஓடம் கொண்டுவந்து மூவரையும் அக்கரை சேர்க்கிறான். சேர்த்த பின் அவனுக்குப் பிரிய மனமில்லை. தானும் காட்டுக்கு வருவதாகக் கெஞ்சுகிறான். அப்போதுதான் இராமன் அந்தக் கணக்கைச் சொல்கிறான்: இதுவரை உடன்பிறந்தோர் நால்வர், இப்போது உன்னோடு ஐவர். திருமங்கையாழ்வாரும் கம்பருக்கு முன்பே பெரிய திருமொழியில், இராமன் தன் தம்பியைக் குகனுக்கும் தம்பியாகக் கொடுத்ததைப் பாடியிருக்கிறார். வான்மீகியின் வடமொழிக் காவியத்திலோ குகன் உயிர்த்தோழன். தோழனைத் தமிழ்நாட்டில் சகோதரனாக்கிவிட்டோம்.

இது வாய்ச்சொல்தானே என்று சிலர் நினைக்கலாம். சில நாளில் பரதன் அதே கரைக்கு வருகிறான். குகன் யார் என்று கோசலை கேட்க, இராமனுக்குத் துணைவன், எங்கள் மூவருக்கும் மூத்தவன் என்று அறிமுகம் செய்கிறான். கடைசியாகச் சேர்ந்தவனை ஐந்தாவதாக வைக்காமல் தனக்கு அண்ணனாக வைக்கிறான் பாருங்கள்! பெற்ற தாயான கோசலையும் மறுக்கவில்லை. நீங்கள் ஐவரும் ஒன்றாக இருந்து நெடுங்காலம் நாட்டைக் காக்க வேண்டும் என்று வாழ்த்துகிறாள். எனக்கு இராமன் சொன்னதைவிட இதுவே பெரிதாகப் படுகிறது. வீட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டால்தானே உறவு நிலைக்கும்?

பின்னால் சுக்கிரீவன் ஆறாமவன், வீடணன் ஏழாமவன். அதே காவியத்தில் ஒரு வயிற்றில் பிறந்த வாலியும் சுக்கிரீவனும் ஒருவரையொருவர் கொல்லத் துடிக்கிறார்கள். சங்க காலத்திலும் இக்கதைதான். ஒரே சோழர் குடியில் வந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் மோதிக்கொண்டபோது, இருவர் மாலையும் ஒரே ஆத்திப் பூ, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தார் கோவூர் கிழார். அது புறநானூற்றின் 45ஆம் பாட்டு.

வேற்று நாட்டிலும் இப்படிப் பாடியவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் உழவர் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் பர்ன்ஸ் 1795இல், உலகத்து மனிதரெல்லாம் சகோதரராகும் நாள் வரும் என்று ஒரு பாட்டு இயற்றினார். 1999இல் அந்நாட்டு நாடாளுமன்றம் திறக்கப்பட்டபோது அதைப் பாடினார்கள். நம் கணியன் பூங்குன்றனாரும் உலகம் முழுவதையும் உறவாகக் கண்டவரே. ஆயினும் உலகம் முழுவதையும் நேசிப்பது சுலபம், அடுத்த பெஞ்சில் இருப்பவளை நேசிப்பதுதான் கடினம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். கம்பர் உலகத்தைப் பற்றிப் பேசவில்லை. கையில் மீனோடு எதிரே நிற்கிற ஒருவனை அண்ணனாக்குகிறார்.

எங்கள் ஊருக்கும் படகுக்கும் உள்ள தொடர்பு பழையது. மீனவரான புனித இராயப்பரின் பெயரால்தான் இராயபுரம் என்பார்கள். அவர் பெயரில் உள்ள ஆலயம் 1829இல் படகோட்டிகள் கட்டியது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத நாளில் கப்பல்கள் தொலைவில் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை. ஆணி அடித்தால் அலை மோதலில் பிளந்துவிடும். கயிறு வளைந்து கொடுக்கும்.

அன்று மாலை குகன் கதையைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். தாத்தா காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் போனவர், இப்போது கண் மங்கிவிட்டது. வகுப்பில் சிரித்ததை அவரிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவன் கூடவே வரேன்னு கேட்டானே, இட்டுக்கினு போனாரா?” என்றார்.

இல்லை என்றேன். இராமன் அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அயோத்தியில் உள்ள சுற்றத்தைக் காக்க உன் தம்பி பரதன் இருக்கிறான். இங்கே உன் சுற்றத்தைக் காக்க யார் இருக்கிறார்கள்? உன் சுற்றம் எனக்கும் சுற்றமல்லவா, நீ இரு என்கிறான். தம்பி என்று சொன்ன கையோடு வேலையும் கொடுத்துவிட்டான் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

தாத்தா சிரிக்கவில்லை. “பின்ன? எல்லாரும் கடலுக்குப் பூட்டா கரையில இருக்கிற புள்ளைங்கள யாரும்மா பாத்துக்கிறது?” என்றார். சற்றுப் பொறுத்து, அந்த அம்மா ஐந்து பேரையும் வாழ்த்துகிற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.