நடப்பவருக்கு இடம்விட்ட நிலம்: பிரான்சின் லுவார் பள்ளத்தாக்குப் பாதை

பிரான்ஸ் என்றதும் எமது நினைவுக்கு வருவது பாரிஸ் நகரமும் ஈபெல் கோபுரமுமே ஆகும். ஆனால் அந்நாட்டின் கிராமப்புறங்களில், கால்நடையாகச் செல்வோருக்கென அடையாளமிடப்பட்ட பாதைகள் 180,000 கிலோமீற்றருக்கும் மேல் உள்ளன. அவை ஆற்றங்கரைகளையும் காடுகளையும் திராட்சைத் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. காடு அரசுக்குச் சொந்தம். திராட்சைத் தோட்டம் விவசாயிக்குச் சொந்தம். ஆற்றோரக் காணிகளுக்கும் உரிமையாளர்கள் இருக்கின்றார்கள். அப்படியிருக்க, அங்கே ஒரு சாண் நிலமும் இல்லாத ஒருவர் முதுகில் பையைச் சுமந்துகொண்டு எந்த உரிமையில் நடந்து செல்கின்றார்? லுவார் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பாதையை வரைபடத்தில் பின்தொடர்ந்து இதற்கு விடை தேடுவோம்.

முதற் பாதை

லுவார், பிரான்சின் மிக நீளமான ஆறு. தெற்கே ஜெர்பியே மலையடியில் ஊற்றெடுத்து, 1,000 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்தில் கலக்கின்றது. இதன் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 1947இல், நாடு தழுவிய நெடும் நடைப்பாதைகளை உருவாக்க பிரான்சில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஜான் லுவாசோ என்பவரே இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர். அதே ஆண்டில் ஓர்லியன்ஸ் நகருக்கும் போஜான்சிக்கும் இடையே, லுவார் கரையில் சுமார் 28 கிலோமீற்றர் நீளமான முதற் பகுதி திறக்கப்பட்டது. இன்று ‘ஜீ.ஆர். 3’ என அழைக்கப்படும் அப்பாதை ஆற்றின் ஊற்றிலிருந்து கடல்வரை நீள்கின்றது. அதில் ஷினோன் காட்டிலிருந்து சோமூர் நகர்வரையான பகுதியையே நாம் பார்க்கப் போகின்றோம். இரண்டு, மூன்று நாட்களில் நடந்து முடிக்கக்கூடிய தூரம் இது.

காட்டினுள்

ஷினோன் காடு சுமார் 5,000 ஹெக்டெயர் பரப்புடையது. ஓக் மரங்களும் பைன் மரங்களும் நிறைந்தது. பார்வைக்கு இயற்கையாய் வளர்ந்த வனம்போல் தோன்றினாலும், இது பல நூற்றாண்டுகளாக மனிதர் கணக்கிட்டுப் பராமரித்துவரும் காடாகும். எந்தப் பகுதியில் எப்போது வெட்டுவது, எங்கே இளங்கன்றுகளை வளரவிடுவது என்பதற்கெல்லாம் திட்டம் உண்டு. அரச காடு என்பதால் மக்கள் நடந்து செல்லலாம். எனினும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வேட்டை நடைபெறும் நாட்களில் அறிவித்தற் பலகைகளைக் கவனிக்க வேண்டும். தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் உடையணிவது பாதுகாப்பானது.

ஆற்றங்கரையில்

காட்டைக் கடந்தால், லுவாரின் கிளையாறான வியேன் கரையில் ஷினோன் நகரம். மேட்டின் மேல் நீண்டு கிடக்கும் அதன் கோட்டையில்தான் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னர் 1189இல் இறந்தார். இங்கிருந்து மேற்கே சென்றால், கான்ட் சேன் மார்ட்டான் என்ற சிறிய ஊரில் வியேன் ஆறு லுவாருடன் கலப்பதைக் காணலாம். ஊரின் மேற்புறத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகளும் ஒன்றாவது தெளிவாகத் தெரியும்.

ஆற்றங்கரையில் நடக்கும் உரிமைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1669இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், நீர்நிலைகளுக்கும் காடுகளுக்குமான ஒரு பெரும் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அக்காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து கயிறுகட்டிக் குதிரைகள் இழுத்துச் செல்லும். எனவே, படகோடும் ஆறுகளின் ஓரத்தில் காணி வைத்திருப்போர், படகு இழுக்கும் கரையில் 24 அடியும் மறுகரையில் 10 அடியும் வெறுமையாக விட வேண்டும் என அச்சட்டம் விதித்தது. அன்றைய பிரெஞ்சு அடிக்கணக்கில் அவை இன்றைய 7.80 மீற்றருக்கும் 3.25 மீற்றருக்கும் சமம். 

இழுவைக் குதிரைகள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அந்த 3.25 மீற்றர் இன்றும் பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கின்றது. பொதுச் சொத்தான ஆறுகளின் ஓரத்தில் காணியுள்ளவர் அந்த அளவுக்குள் வேலி போடவோ மரம் நடவோ கூடாது. இந்த ஒடுங்கிய நிலத்தில் மீன்பிடிப்போருக்கு இருந்த உரிமை, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நடந்து செல்வோர் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. குதிரைக்காக விடப்பட்ட இடம் மனிதருக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

ஆற்றோரமாகச் செல்லும் உயரமான மண் அணைகளையும் நடைப்பயணி காண்பார். அவற்றின் தொடக்கம் 12ஆம் நூற்றாண்டு. 1846, 1856, 1866 ஆகிய ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்கள் அந்த அணைகளையும் உடைத்தன. அதே ஆறு கோடையில் வற்றி, நடுவே மணற்றிட்டுகளைக் காட்டும். அம்மணலில் ஆலாப் பறவைகள் முட்டையிடும். அவற்றின் முட்டைகள் கூழாங்கற்களின் நிறத்திலேயே இருப்பதால், திட்டில் இறங்கும் ஒருவர் தம்மை அறியாமலே மிதித்துவிடக்கூடும். ஆகவே, கூடு கட்டும் காலத்தில் அத்திட்டுகளில் இறங்குவது தடைசெய்யப்படுகின்றது. நடப்பவரின் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டுகின்றது.

திராட்சைத் தோட்டங்களின் நடுவே

கான்ட் ஊரை அடுத்து மொன்சொரோ. 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று ஆற்றைப் பார்த்தபடி நிற்கின்றது. இப்பகுதி வீடுகள் பலவும் ‘துஃபோ’ என்னும் மென்மையான வெண்ணிறச் சுண்ணக் கல்லால் கட்டப்பட்டவை. அக்கல்லை மலைச்சரிவுகளிலிருந்து வெட்டியெடுத்ததால் அங்கே குகைகள் உருவாகின. மக்கள் அவற்றையே வீடாக்கிக் குடியிருந்தனர், காளான் வளர்த்தனர். கோடையிலும் குளிர்காலத்திலும் குகையினுள் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை. மேலே மேட்டுநிலத்தில் திராட்சைத் தோட்டம், அதன் கீழே குடியிருப்பு. இதனால் சில இடங்களில் கொடிகளுக்கு நடுவே புகைபோக்கி மட்டும் நிலத்திலிருந்து எழுந்து நிற்பதைக் காணலாம்!

திராட்சைக் கொடிகள் நேர்வரிசையில் கம்பிகளில் படர்ந்திருக்கும் காட்சி ஆதிகாலந்தொட்டு வந்ததன்று. 1860களில், அமெரிக்காவிலிருந்து வந்த ‘பிலொக்சரா’ என்னும் நுண்ணிய பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு அழிக்கத் தொடங்கியது. 1868இல் ஆய்வாளர்கள் அதனை இனங்கண்டனர். அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே தீர்வாயிற்று. அவ்வாறு மீண்டும் நட்டபோதுதான், கலப்பை செல்ல வசதியான நேர்வரிசைகள் எங்கும் பரவின. ஒரு பேரழிவிலிருந்து மீண்டதன் அடையாளத்தையே இன்று அழகான காட்சியாகப் பலர் இரசிக்கின்றனர்.

இத்திராட்சை பெரும்பாலும் மதுவாக்கப்படுகின்றது. அது எமக்கு விலக்கப்பட்டது. எனினும், ஏப்ரல் மாதத் தளிர்களை ஓரிரவு உறைபனி கருக்கிவிடுமோ என்று அஞ்சி விழித்திருக்கும் விவசாயியின் உழைப்பும் கவலையும் எந்த நாட்டு விவசாயிக்கும் பொதுவானவையே. நடைப்பயணி வரிசைகளுக்குள் நுழையாமலும் ஒரு குலையையும் பறிக்காமலும் கடந்து செல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

பாதை எப்படி மறைகின்றது?

தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண்பாதைகள் பெரும்பாலும் ‘கிராமியப் பாதைகள்’ என்ற வகையைச் சேர்ந்தவை. அவை அந்தந்த ஊராட்சிக்குச் சொந்தமானவை. பொதுமக்களின் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை. ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கின்றது. மக்கள் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஒரு கிராமியப் பாதையை ஊராட்சி விற்றுவிடலாம் எனச் சட்டம் கூறுகின்றது. யாரும் நடக்காத பாதை முதலில் புல் மூடும். பின்னர் பக்கத்துக் காணியோடு சேர்ந்துவிடும்.

இது வெறும் அச்சம் அன்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உழவு இயந்திரங்களுக்கு ஏற்றவாறு சிறிய காணிகளை ஒன்றிணைத்துப் பெரிய வயல்களாக்கும் திட்டம் பிரான்சில் நடைமுறைக்கு வந்தது. விளைச்சல் பெருகியது உண்மையே. ஆனால் உயிர்வேலிகளோடு எத்தனையோ பழைய பாதைகளும் உழப்பட்டு மறைந்தன.

இதனால் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பை ஏற்படுத்தியது. ஒவ்வொரு மாவட்டமும் தனது நடைப்பாதைகளைத் திட்டமிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். பதிவான வழியிலுள்ள கிராமியப் பாதையை விற்பதாயின், அவ்வழி தொடர்வதற்கு மாற்றுப்பாதை ஒன்றைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அந்த விற்பனை செல்லாது.

வர்ணம் பூசும் கைகள்

சட்டம் காகிதத்தில் பாதையைக் காக்கின்றது. நிலத்தில் அதனைக் காப்பவர்கள் தொண்டர்கள். நடைப்பயணச் சம்மேளனத்தைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், சம்பளம் எதுவுமின்றி, வர்ணமும் தூரிகையும் கத்தரியும் கொண்டு தமக்குரிய பகுதியைப் பார்வையிடுகின்றனர். அவர்கள் மரத்திலும் கல்லிலும் இடும் குறிகளை அறிந்தால், பிரெஞ்சு மொழி தெரியாதவரும் வழி தவறமாட்டார்:

வெள்ளையும் சிவப்புமான இரு கோடுகள் – நெடும்பாதை, தொடர்ந்து செல்க.
மஞ்சளும் சிவப்பும் – ஒரு பிரதேசத்தைச் சுற்றிவரும் பாதை.
மஞ்சள் மட்டும் – ஒரு நாளுக்குள் முடியும் சிறு பாதை.
பெருக்கல் குறி – இது வழியன்று, திரும்புக.

நாம் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். நடப்பவரின் உரிமை ஒரே நாளில் எவரோ வழங்கியதன்று. மன்னர் காலத்துக் கட்டளை, ஊராட்சியின் பதிவு, காணிக்காரரின் பொறுமை, தொண்டரின் தூரிகை என நான்கும் சேர்ந்தே அதனைத் தாங்கி நிற்கின்றன. அவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் தேவை. அது நடப்பவரின் காலடி. மழையும் வெயிலும் பட்டு வர்ணம் சில ஆண்டுகளில் மங்கிவிடும்; தொண்டர் வந்து மீண்டும் பூசுவார். ஆனால் மக்கள் நடக்க மறந்த பாதையை எந்தத் தூரிகையாலும் மீட்டுத்தர முடியாது.