பொதுப் பணமும் அதன் காவலும்

“சேமநிதியைப் பங்கிட்டுக் கொடுத்தால் ஆகாதா?” என்பது மகாசபைதோறும் எழும் வினா. நூல் விலையேறித் தறி நிற்பதையும், மழை பொய்த்து மணிலாப் பயிர் கருகுவதையும் அறிந்த நாம் இதனை நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

தேசங்களுக்கும் இத்தகைய நிதி உண்டு. நார்வே, எண்ணெய் வருவாயை 1996 முதல் தனி நிதியில் இட்டு, வெளிநாடுகளில் முதலீடு செய்து வருகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறக்குறைய 3 வீதமே செலவுக்கு எடுப்பது அதன் நெறி. ஆதலின் முதல் குறைவதில்லை.

நம் மத்திய அரசு 2015-ல் தேசிய முதலீட்டு மற்றும் உள்கட்டமைப்பு நிதியை நிறுவியது. அரசின் பங்கு 49 சதவிகிதம். எஞ்சியது பிறர் மூலதனம். 2017-ல் அபுதாபி முதலீட்டு ஆணையம் அதில் சேர்ந்தது. நிதியமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழு நெறி வகுக்கிறது. அன்றாட முதலீட்டைத் தனி நிறுவனம் கவனிக்கிறது. பணத்துக்கு உரியவரும் அதனைக் கையாள்பவரும் வெவ்வேறாதலின், கணக்கு ஒழுங்காக இருத்தல் இன்றியமையாதது.

நம் சங்கத்திலும் நிலைமை இதுவே. பங்கிட்ட பணம் ஒரு பண்டிகையோடு தீரும். காத்த பணம் பஞ்சத்தில் கைகொடுக்கும். கூட்டுறவுச் சட்டம் லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கச் சொல்வதும் இதன் பொருட்டே. ஆயினும் காவல் இல்லாத நிதி கரையும். எனவே, அங்கத்தினர்களே, அடுத்த மகாசபையில் கேளுங்கள்: சேமநிதி எவ்வளவு? எங்கே முதலிடப்பட்டுள்ளது? தணிக்கைக் குறைகளுக்கு நிர்வாகக் குழுவின் விளக்கம் யாது?