கேட்காமலே தெரிந்த பதில்

அன்புள்ள வாசகருக்கு,

திருத்தணியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வாடகைக்கு ரூம் கேட்டு வந்த வடநாட்டு இளைஞர்கள் இருவரை உங்கள் தெருவில் ஒரு வீட்டு ஓனர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கேட்டால், "எனக்கு யார்மேலயும் வெறுப்பு கிடையாது சார், ஒரு முன்ஜாக்கிரதைதான்" என்கிறார். இது முன்ஜாக்கிரதையா, தப்பெண்ணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவருக்கு வெறுப்பு இல்லை என்பதை நான் நம்புகிறேன். மருந்துக்கும் வெறுப்பு இல்லாத நல்ல மனிதரிடமும் தப்பெண்ணம் இருக்கும். எங்கே வேலை, எத்தனை பேர் தங்குவீர்கள், ஆதார் இருக்கிறதா, அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும் என்று விசாரித்திருந்தால் அது முன்ஜாக்கிரதை. உள்ளூர்க் குடும்பம் வந்தாலும் இவற்றைத்தானே கேட்கப் போகிறார்? இவர்களிடம் ஒன்றையும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், முடிந்தது. இத்தனைக்கும் ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் ஊர் முருகன் மலைக்குச் சித்தூர், புத்தூர்ப் பக்கமிருந்து காவடி வரும்போது மலையடிவாரக் கடைகளில் தெலுங்கிலேயே விலை பேசி விற்கிறார்கள். வெளியூர்க்காரர் சாமான் வாங்க வந்தால் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. குடித்தனம் கேட்டு வந்தால்தான் வருகிறது.

"போராடித் தமிழ்நாட்டில் சேர்ந்த ஊர் எங்களுடையது, மொழிப்பற்று இருக்கத்தானே செய்யும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கட்டும். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி., கே. விநாயகம், மங்கலங்கிழார் போன்றவர்கள் விடவில்லை. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகப் படாஸ்கர் என்பவர் இரு மாநிலங்களுக்கும் இடையே சமரசம் பேச வந்தார். கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. கணக்குப் பார்த்துப் பெற்ற உரிமை அது. ஆனால் அந்தக் கணக்கு எல்லை பிரிக்கத்தான் உதவும். வாசலில் நிற்கும் ஆள் வாடகையை ஒழுங்காகத் தருவாரா என்பதை அது சொல்லாது.

ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல் இருப்பது எப்படி என்பதற்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதையே உண்டு. 1888 செப்டம்பர் 5-ல் உங்கள் ஊரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். சென்னை கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் படித்தபோது, உலகை மாயை என்னும் வேதாந்தத்தில் அறத்துக்கு இடமேது என்று மிஷனரிகள் கேட்டது அவரை உறுத்தியது. வேதாந்தத்தின் அறவியலையே எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளூர ஒரு பயம். பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்கும் ஒரு மிஷனரி, படித்துவிட்டுக் கோபித்துக்கொள்வாரோ? ஹாக் கோபிக்கவில்லை, பாராட்டி நற்சான்றே எழுதிக் கொடுத்தார். 1908-ல் ஆய்வு நூலாகவும் வந்தது. ஹாக் வேதாந்தியாக மாறிவிடவில்லை. படித்துப் பார்த்து மதிப்பிட்டார், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. மிஷனரிகளின் தப்பெண்ணத்துக்கு மறுப்பு எழுதிய மாணவரே, ஒரு மிஷனரி இப்படித்தான் நடந்துகொள்வார் என்று எண்ணியிருந்தார். தப்பெண்ணத்தால் அடிபட்டவருக்கும் தப்பெண்ணம் வரும். 2023 மார்ச்சில், பிகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. "நம்மைப் போய் இப்படி நினைத்துவிட்டார்களே" என்று அன்று நாம் பொருமினோம். அதே நாம்தான் "வடக்கன் என்றாலே..." என்று ஆரம்பித்து மீதியைச் சொல்லாமல் விடுகிறோம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "வீட்டு ஓனர்களே இப்படித்தான்" என்று முடித்திருக்கிறீர்கள். எத்தனை ஓனர்களை விசாரித்தீர்கள்? அந்தப் பையன்களுக்கு ரூம் கொடுத்த வேறொருவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். அவரைத் தேடிப் பிடித்து, மாத வாடகை எப்படி வருகிறது என்று கேளுங்கள். நல்லதோ கெட்டதோ, கிடைக்கும் பதிலை உங்கள் தெரு ஓனரிடம் அப்படியே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், அப்போது அதற்குப் பெயர் வைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்