என்ஜின் மவுண்டிங்: கெட்டியா, மிருதுவா?

பாணேரிலிருந்து ஹிஞ்ஜவடிக்குத் தினமும் காரில் போய்வரும் நம் சங்க அன்பர் ஒருவர், "என்ஜின் மவுண்டிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கெட்டியான ரகம் ஒன்று இருக்கிறதாம், நிறைய நாள் உழைக்குமாம். அதையே போட்டுவிடலாமா சார்?" என்று கேட்டார். பலருக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

மவுண்டிங் என்பது இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டவைத்த ரப்பர். என்ஜினைத் தாங்க வேண்டும். அதன் அதிர்வை பாடிக்குப் போகாமல் தடுக்க வேண்டும். என்ஜின் முறுக்கிக்கொள்ளும்போது பிடித்து நிறுத்தவும் வேண்டும். தாங்குவது எளிது. மற்ற இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று பகை.

முதலில் அதிர்வு. மூன்று சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங் ஓடினால் விநாடிக்கு 20 தடவை உதைக்கும். நான்கு சிலிண்டரில் சுமார் 27. ரப்பரின் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கும் ஊஞ்சலைப் போல ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. உதை அந்த ஆட்டத்தைவிட 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் தடுப்பே ஆரம்பிக்கும். மிருதுவான ரப்பரில் ஆட்டம் விநாடிக்கு 10 என்று வையுங்கள். நான்கு மடங்கு கெட்டியானதைப் போட்டால் அது இரட்டித்து 20 ஆகும். மூன்று சிலிண்டர் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது உதையும் 20, ஆட்டமும் 20! ஸ்டியரிங், கண்ணாடி, பின்சீட்டில் தூங்கும் குழந்தை எல்லாம் நடுங்கும்.

இதை வியாபாரமாக்கிக் காட்டியது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி. 1931இல் பிளிமத் காரில் என்ஜினை ரப்பரில் மிதக்கவிட்டு, 'மிதக்கும் சக்தி' என்று விளம்பரம் செய்தார்கள். மறு வருடமே பிரான்சின் சித்ரோயன் அதை எடுத்துக்கொண்டது. நம் புல்லட்டில் என்ஜின் சட்டத்தோடு நேராக போல்ட் போடப்பட்டிருக்கிறது. அந்த நடுக்கத்தை ரசிப்பவர்கள் தனி ஜாதி!

அப்படியானால் வெண்ணெய் மாதிரி மிருதுவாகப் போடலாமே? கூடாது. என்ஜினின் முறுக்குவிசை 6 கிலோகிராம்-மீட்டர் என்றால், முதல் கியரில் அது சுமார் 14 மடங்காகி 84 ஆகும். முன்சக்கர இழுவைக் கார்களில் இதன் எதிர்விசை முழுவதும் மவுண்டிங்கின் தலையில்தான் விழும். ரப்பர் தளர்ந்தால் கிளட்ச் விடும்போது வண்டி குலுங்கும், சைலன்சர் குழாய் விரிசல் விடும். 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதனால்தான். ரப்பர் பிரிந்து என்ஜின் மேலே எழும்பியதும் ஆக்ஸிலரேட்டர் தானாக இழுபட்டது. எழும்பாமல் பிடிக்க ஒரு கம்பிவடம் பூட்டித் தந்தார்கள்.

ஆகவே கம்பெனி தந்த அதே ரகத்தைப் போடுங்கள். கெட்டியானது பந்தய வண்டிக்கு. உள்ளே திரவம் உள்ள மவுண்டிங் என்றால் விலை கூடுதல்தான். பெரிய ஆட்டத்துக்குக் கெட்டியாகவும் சிறு அதிர்வுக்கு மிருதுவாகவும் நடக்கும். அதற்குப் பதில் வெறும் ரப்பர் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

சோதிக்க ஒரு வழி: பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கும் கால்பிரேக்கும் போட்டு, ஒருவர் முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சைச் சற்றே விடட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், வண்டிக்கு முன்னால் அல்ல. என்ஜின் துள்ளி எழுந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. புதியது போடுமுன் ஆயில் கசிவை நிறுத்துங்கள். இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகாது.