கேஸ் முடியட்டும் என்று இருந்துவிடாதே

அன்புள்ள மருமகனுக்கு,

போன் எடுத்தால் நீ "ஓம் மாமா, பிரச்சினை ஒன்றுமில்லை" என்பதோடு கதையை முடித்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஐந்து பேர் படுக்கிற பேஸ்மென்டில் இருந்துகொண்டு மனம் விட்டுக் கதைக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்து வாசிக்கலாம். உடனே பதில் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை.

போன கிழமை நீ சொன்ன ஒரு வசனம் என்னை விடாமல் உறுத்துகிறது. "கேஸ் முடியட்டும் மாமா, பிறகு இதையெல்லாம் பார்ப்பம்" என்றாய். "இதையெல்லாம்" என்பதற்குள் நீ அடக்கியது என்னவென்று உன் அறைத் தோழனிடம் துருவிக் கேட்டுத்தான் அறிந்தேன். இரவு வேலையால் வந்து படுத்தும் உனக்கு நித்திரை இல்லை. அரைக் கோப்பைச் சோறும் இறங்குவதில்லை. நெஞ்சு இறுக்குகிறது என்று இரண்டு தரம் வோக்-இன் கிளினிக் போய், இதயத்தில் பழுதில்லை என்ற பதிலோடு திரும்பியிருக்கிறாய். கிரிக்கெட் விளையாடக் கூப்பிட்டாலும் போவதில்லை.

உன் அகதிக் கேஸ் எப்போது முடியும் என்று நினைக்கிறாய்? கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் சபையில் 2024 முடிவில் தீர்ப்புக்காகக் கிடந்த கோரிக்கைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். 2023இல் விசிட்டர் விசா விதிகளைக் கொஞ்சம் தளர்த்தியபோது வந்திறங்கிய எங்கள் பொடியன்களில் கனபேர் அந்தக் குவியலுக்குள் இருக்கிறார்கள், நீயும்தான். உன் முறை வர வருடக்கணக்காகலாம். அதுவரை மனதை அப்படியே பூட்டி வைத்துவிட்டு, தீர்ப்பு வந்த அன்று திறந்து பார்க்கலாம் என்பது நடக்கிற காரியமில்லை.

இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடிதம் எழுத முக்கிய காரணமே அதுதான். உன் நித்திரையும் உன் கேஸும் வேறு வேறு விஷயங்கள் அல்ல.

நான் மொழிபெயர்ப்பாளனாக ஆஸ்பத்திரியிலும் இருந்திருக்கிறேன், ஹியரிங் அறையிலும் இருந்திருக்கிறேன். ஹியரிங்கில் பெரும்பாலும் தடக்குப்படுவது திகதிகளிலும் சில்லறை விவரங்களிலும்தான். வீட்டுக்கு வந்தவர்கள் நாலு பேரா, ஆறு பேரா? பிடித்துக்கொண்டு போனது பங்குனியிலா, வைகாசியிலா? பிஓசி என்கிற கோரிக்கைப் படிவத்தில் ஒன்று எழுதியிருக்கும், வாய் இன்னொன்று சொல்லும். தீர்ப்பளிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். அது அவருடைய வேலை. ஆனால் பட்ட மனிதனின் ஞாபகம் ஒவ்வொரு தரமும் ஒரேமாதிரி ஒப்புவிக்கிற சங்கதி இல்லை. பிரித்தானியாவில் கொசோவோ, பொஸ்னியா அகதிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. அவர்கள் ஏற்கெனவே தங்க அனுமதி கிடைத்தவர்கள், பொய் சொல்ல ஒரு தேவையும் இல்லாதவர்கள். அதே சம்பவத்தை இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டபோது விவரங்கள் மாறின. ஓரத்து விவரங்கள் கூடுதலாக மாறின. அதிர்ச்சியின் பாதிப்புக் கடுமையாக இருந்தவர்களில், இடைவெளி நீள நீள முரண்களும் கூடின.

வருடக்கணக்கில் காத்திருக்கப் போகிறவன், நித்திரையில்லாதவன், இதை வாசித்தால் என்ன விளங்கவேண்டும்? ஹியரிங் அன்று உனக்காகக் கதைக்கப் போவது உன் தலைதான். அதை இந்த நிலையில் விட்டு வைத்தால் அந்த அறையில் நீ விறைத்துப்போய் இருப்பாய். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லி முடிப்பாய், கண்ணீர் வரவேண்டிய இடத்தில் முகம் மரக்கட்டை மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருந்து, அவர்கள் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு, சொல்லாமல் விட்டதைச் சொல்ல உரிமையில்லாமல் எழும்பி வந்திருக்கிறேன்.

டொக்டரிடம் போனால் "ஃபைலில் பைத்தியம் என்று விழும், கேஸ் பழுதாகும்" என்று உங்கள் வீட்டில் யாரோ ஒருவன் சொல்லியிருக்கிறான். அது வெறும் பயம். நீ டொக்டரிடம் சொல்வது உனக்கும் அவருக்கும் இடையில் உள்ள கதை. மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக ஒருவரின் அகதிக் கோரிக்கையைத் தள்ளுவதில்லை. அகதியாக ஏற்கப்பட்டவருக்கு, மருத்துவச் செலவு கூடப் போகிறது என்ற காரணத்தைக் காட்டி நிரந்தர வதிவிடம் மறுக்கவும் சட்டத்தில் இடமில்லை. மாறாக, உண்மையாகவே உனக்கு நோய் இருக்கிறது என்று டொக்டர் எழுதித் தந்தால், கேள்வி கேட்கும் முறையில், இடைவேளை தருவதில், விசாரணை நடத்தும் ஒழுங்கில் சலுகை கேட்கலாம். சபையின் எட்டாவது வழிகாட்டி நெறி அதற்காகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: "கேஸுக்கு மனநோய்க் கடிதம் எடுத்துத் தாறன், இவ்வளவு டொலர்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடு. அவனால் கெடுவது நீ மட்டுமல்ல, உனக்குப் பின்னால் உண்மையான கடிதத்தோடு வருகிறவனும்தான்.

இனி எங்கள் தலைமுறையின் கதைக்கு வருகிறேன். கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் நீ கேட்டிருப்பாய். "நாங்கள் எண்பத்து மூன்றுக்குப் பிறகு வெறும் கையோடு வந்து, பாத்திரம் கழுவி, பேப்பர் போட்டு, வீடு வாங்கினோம். இவங்களுக்கு என்ன?" அதில் பாதிதான் உண்மை. கழுவினோம், போட்டோம். ஆனால் இரவில் குடித்தவர்களையும், காரணம் தெரியாமல் மனைவிக்கு அடித்தவர்களையும், ஒருநாள் வேலைக்கு வராமலே போனவர்களையும் அந்தக் கதையிலிருந்து வெட்டிவிடுகிறார்கள். நீ காத்திருக்கிறாயே, நேரில் வாய் திறந்து சொல்லும் விசாரணை, அந்த உரிமைகூட எங்களுக்கு வந்தவுடன் இருக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் சொன்ன பிறகுதான் வந்தது. எங்கள் காலத்திலும் காத்திருத்தல் இருந்தது, அது ஆட்களைத் தின்றது. அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம், அவ்வளவுதான்.

புலம்பெயர்வதே மனதைக் கெடுக்குமா என்ற கேள்வி பழையது. நோர்வேயிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குப் போனவர்களிடம் மனப்பிளவு நோய், நோர்வேயிலேயே இருந்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஓடெகார்ட் என்ற மருத்துவர் 1932இல் எழுதினார். பலவீனமானவர்கள்தான் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்று அதற்குக் காரணமும் கண்டார்கள். இந்த விளக்கம் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. வன்னியிலிருந்து கடல் தாண்டி வந்தவனைப் பலவீனன் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்! பிறகு நெதர்லாந்தில் செல்டன் என்பவரும் அவர் குழுவும் கெட்டிக்காரத்தனமான ஒரு கணக்குப் போட்டார்கள். சுரினாம் நாட்டின் சனம் முழுவதுமே நெதர்லாந்துக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அங்கே வந்தவர்களிடம் கண்ட நோய் வீதத்தைப் பார்த்தார்கள். எல்லோருமே வந்துவிட்டால் "நோயாளிகள்தான் வந்தார்கள்" என்ற பேச்சுக்கே இடமில்லையே. அப்போதும் வீதம் உயர்ந்தே நின்றது. ஆக, வந்த இடத்தில் ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்பதை எங்கள் ஆட்களிடமே பார்த்திருக்கிறார்கள். 1990களில் ஆஸ்திரேலியாவில் தமிழ் அகதிகளை ஆராய்ந்த சிலோவ், ஸ்டீல் ஆகியோர், போரில் பட்டது ஒரு பங்கு என்றால், வந்த பிறகு படுவது இன்னொரு பெரிய பங்கு என்று கண்டார்கள். கோரிக்கை இழுபடுவது, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், வேலை செய்ய அனுமதி இல்லாமை, குடும்பத்தைப் பிரிந்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ரொறன்ரோவில் மோர்ட்டன் பைசர் குழு 1,600க்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழரிடம் கேட்டறிந்து 2011இல் வெளியிட்டதில், அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு நோய் நூற்றுக்கு 12 பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது இருந்திருக்கிறது. இதைப் பெரிய தொகை என்றும் சொல்லலாம். எனக்கு மற்றப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. அவ்வளவையும் பார்த்துவிட்டு வந்தும் 88 பேருக்கு அந்த நோய் வரவில்லை. உன்னை வருத்துவதில் பாதி இங்கே, இப்போது உள்ளது. இங்கே உள்ளதை இங்கே வைத்துக் கொஞ்சமாவது மாற்றலாம்.

ஆகவே பழசையெல்லாம் கிண்டு என்று உனக்குச் சொல்லமாட்டேன். கேட்கிற எல்லோருக்கும் முள்ளிவாய்க்கால் கதையைச் சொல்லவேண்டிய கடமை உனக்கில்லை. பைசர் முன்பு வன்கூவரில் தென்கிழக்காசியப் படகு அகதிகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தவர். ஆரம்ப வருடங்களில் பழசை ஒதுக்கி இன்றைக்கும் நாளைக்குமாக வாழ்ந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்ததையும், வருடங்கள் போன பிறகு அந்தப் பழசு திரும்பி வருவதையும் அவர் எழுதியிருக்கிறார். அது வரும்போது வரட்டும். அன்றைக்குக் கேட்க ஒரு ஆள் இருக்கவேண்டும், அதை மட்டும் இப்போதே தேடி வை.

ஆள் என்றதும் எங்கள் சனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹேக் நகரில் செய்த ஆய்வொன்று, தம் இனத்தவர் நிறைந்த வட்டாரத்தில் வாழும் குடியேறிகளுக்கு மனப்பிளவு போன்ற நோய்கள் குறைவு என்று 2008இல் காட்டியது. ஸ்காபரோவில் இருக்கிற எனக்கு இது ஆச்சரியமில்லை. இங்கே இடியப்பமும் கிடைக்கும், சாவீட்டுக்குச் சனமும் வரும். ஆனால் அதே சனத்துக்குப் பயந்துதான் மார்க்கம் ரோட்டில் இருக்கிற தமிழ் டொக்டரிடம் ஒருவரும் இந்தக் கதையை எடுப்பதில்லை; வரவேற்பு மேசையில் இருப்பவள் யாரோ ஒருவரின் மச்சாள். உனக்கும் அந்தப் பயம் இருந்தால் வழி இருக்கிறது. வேறு ஊர் டொக்டரிடம் போ. தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேள். மறுமுனையில் இருப்பவருக்கு உன்னைத் தெரியாது. ஊர் கேட்டால் நீ சொல்லவேண்டியதில்லை. அவர் கேட்கவும் கூடாது, எங்கள் தொழில் விதி அது. என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே. சொந்த மாமனுக்கு முன்னால் நீ உண்மை சொல்லமாட்டாய்.

அங்கே என்ன சொல்வது? "நெஞ்சு நோகுது" என்று மட்டும் சொன்னால் மீண்டும் நெஞ்சைத்தான் பார்ப்பார்கள். நித்திரை, பசி, எதிலும் விருப்பமின்மை, எத்தனை கிழமையாக என்று சொல். இரண்டு கிழமைக்கு மேல் என்றாலே அவர்கள் காது கொடுப்பார்கள். சாகலாம் போல நினைப்பு வந்ததா என்று நேரடியாகக் கேட்பார்கள். மரியாதைக் குறைவாக எடுக்காதே, அது வழக்கமான கேள்வி. வந்திருந்தால் ஓம் என்று சொல். கோரிக்கையாளருக்கான இடைக்கால கூட்டாட்சி சுகாதாரத் திட்டத்தின் தாள் உன்னிடம் இருக்கிறது. டொக்டரின் பரிந்துரையோடு உளவளத் துணையும் அதில் அடங்கும். அந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அதனால் போகமுன் சமூக சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள். ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய நிலையமும் இருக்கிறது, எங்கள் ஆட்கள் அதன் படியைத் தேய்த்திருக்கிறார்கள். குளிசை தந்தால் குணம் தெரியச் சில கிழமைகள் செல்லும். இரண்டாம் நாள் "வேலை செய்யேல்லை" என்று நீயே நிறுத்திவிடாதே. நடுச்சாமத்தில் தாங்க ஏலாமல் போனால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அடி. தமிழில் கதைக்க அங்கே ஆள் இல்லை, உனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதும். அல்லது எனக்கு அடி, எந்த மணியானாலும்.

கடைசியாகக் காசுக் கதை. அம்மாவிடம் மனதில் உள்ளதெல்லாவற்றையும் கொட்டு என்று சொல்லமாட்டேன். அவவுக்கு பிரஷர், நீ மறைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கை மறைக்காதே. நீ எவ்வளவு உழைக்கிறாய், வாடகை எவ்வளவு, ஏஜென்டுக்கு வாங்கிய கடனுக்கு மாதம் எவ்வளவு கட்ட ஏலும் என்று எழுதி அனுப்பு. நயாகரா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் தங்கச்சியின் சீதனத்துக்கு உன் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். வட்டிக்காரனோடு நான் கதைத்துவிட்டேன், ஆறு மாதத்துக்கு அரைவாசி கட்டினால் போதும் என்கிறான். அந்த ஆறு மாதத்தில் ஏழு இரவு வேலையை ஐந்தாகக் குறை. இரண்டு இரவாவது இருட்டில் படுத்து வெளிச்சத்தில் எழும்பு.

இந்தக் கிழமை லோயருக்கு ஒரு ஈமெயில் போடு. பிஓசியில் திருத்தவேண்டிய திகதி இருந்தால் ஹியரிங்குக்கு எவ்வளவு முந்தித் தரவேண்டும், டொக்டரின் கடிதம் எந்த வடிவில் வேண்டும், இந்த இரண்டையும் கேள். அவர் என்ன பதில் போட்டார் என்பதை மட்டும் எனக்கு எழுது, மற்றதை நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
மாமா