காவலர் இடுப்பில் தொங்கும் கருவி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நமக்குக் காக்கி உடை புதிதன்று. துறைமுக வாயிலிலும், தொழிற்சாலைக் கதவுகளின் முன்னும், காசிமேட்டு மீன் ஏலத்தின் நெரிசலிலும் காவலரைக் காண்கிறோம். துணை ஆய்வாளர் ஒருவர் நம்மைக் கடந்து செல்லும்போது நம் கண் தானாகவே அவர் இடுப்பில் உள்ள தோலுறைக்குச் செல்கிறது. அந்த உறைக்குள் இருப்பது என்ன? அதை உருவாக்கியவர் யார்? அது எவ்வாறு நம் நாட்டிற்கு வந்தது? அதை எடுத்துச் சுடும் உரிமைக்கு எல்லை உண்டா? இந்நான்கு வினாக்களுக்கும் இயன்றவரை விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பலில் தோன்றிய கருத்து

ஒரு முறை சுட்டபின் மருந்தையும் குண்டையும் மீண்டும் திணித்தே அடுத்த முறை சுட முடியும் என்பது பழைய கைத்துப்பாக்கியின் குறை. இக்குறையை நீக்கிப் புகழ் பெற்றவர் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட். 1830-இல் இளைஞராக இருந்தபோது ‘கார்வோ’ என்னும் கப்பலில் பாஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். கப்பலின் சக்கரம் சுழன்று, குறித்த இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டே சுழலும் தோட்டா அறை என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பயணத்தின்போதே மரத்தில் மாதிரி ஒன்றைச் செதுக்கினார். 1835-இல் இங்கிலாந்திலும் 1836-இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியின் வரலாற்றில், இந்தியத் துறைமுகம் நோக்கி வந்த ஒரு கப்பலுக்கும் பங்கு உண்டு என்பது துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்கு வியப்பளிக்கும் செய்தியாகும்.

1851-இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் கோல்ட்டின் துப்பாக்கியோடு இராபர்ட் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயரின் துப்பாக்கி போட்டியிட்டது. கோல்ட்டின் வகையில் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆடம்ஸின் வகையில் விசையை அழுத்தினாலே போதும். சுத்தி தானே பின்சென்று முன்விழும். 1856-இல் இவ்விரு முறைகளும் ஒரே கருவியில் இணைக்கப்பட்டன. 1857-இல் இந்தியாவில் மூண்ட போரில் ஆங்கில அதிகாரிகளின் கையில் இவ்வகைச் சுழல்துப்பாக்கிகள் இருந்தன.

வெப்லியும் என்ஃபீல்டும்

1887-இல் வெப்லி நிறுவனத்தின் சுழல்துப்பாக்கியைப் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. அதன் உடல் நடுவே மடங்கித் திறக்கும். திறந்தவுடன் சுட்ட தோட்டாக் கூடுகள் ஆறும் தாமே வெளியே தள்ளப்படும். அதன் குழல் விட்டம் .455 அங்குலம். குண்டு பெரிது, உதைப்பும் பெரிது. நீண்ட பயிற்சி இல்லாதவர் கையில் குறி தவறியது. எனவே முதல் உலகப் போருக்குப்பின், எளிதில் பயிற்றுவிக்கத்தக்க .38 அங்குல விட்டமுள்ள கருவியே போதும் என்று முடிவு செய்தனர். வெப்லி நிறுவனம் மாதிரியைச் செய்து காட்டியது. ஆனால் அரசு தன் சொந்தத் தொழிற்சாலையான என்ஃபீல்டில் அதைப் பெரிதும் ஒத்த ஒன்றை உருவாக்கி, 1932-இல் ‘என்ஃபீல்ட் எண் 2’ என்ற பெயரில் ஏற்றது. வெப்லி நிறுவனம் இழப்பீடு கோரிப் போராடி, இறுதியில் 1,250 பவுன் பெற்றது.

1938-இல் இதில் மேலும் ஒரு மாற்றம் வந்தது. சுத்தியின் பின்புறக் கொண்டி டாங்கிக்குள் இருக்கும் வீரர்களின் உடையிலும் கம்பிகளிலும் மாட்டிக்கொண்டது. எனவே அக்கொண்டியையே நீக்கிவிட்டனர். பயன்படுத்துபவரின் இடையூறே கருவியின் வடிவத்தை மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

விடுதலைக்குப் பின்னரும் இந்தியக் காவல்துறையில் பல ஆண்டுகள் .38 சுழல்துப்பாக்கிகளே வழக்கில் இருந்தன. அவற்றின் பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். கருவி கைதவறி விழாமலும் பிறர் பறித்துச் செல்லாமலும் இருக்க, அவ்வளையத்தில் கயிறு கோத்துக் கட்டுவர்.

திருவொற்றியூரில் ஒரு பெயர்

என்ஃபீல்ட் என்றவுடன் நம் பகுதி மாணவர் எவருக்கும் நினைவுக்கு வருவது துப்பாக்கியன்று, புல்லட் மோட்டார் சைக்கிள்தான். இரண்டுக்கும் உள்ள உறவைச் சற்று விளக்க வேண்டும்.

என்ஃபீல்ட் என்பது இலண்டனுக்கு வடக்கே உள்ள ஊர். அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை அங்கு 1816-இல் தொடங்கப்பட்டு 1988-இல் மூடப்பட்டது. ரெட்டிச் என்னும் வேறோர் ஊரில் மிதிவண்டி செய்துவந்த நிறுவனம், 1890களில் அத்தொழிற்சாலைக்கு நுண்ணிய பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் பெற்றது. அந்தப் பெருமையால் தன் வண்டிகளுக்கு ‘ராயல் என்ஃபீல்ட்’ என்று பெயரிட்டு, ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்பதைத் தன் விளம்பர வாசகமாகவும் பீரங்கியைச் சின்னமாகவும் கொண்டது. ஆக, துப்பாக்கி செய்த என்ஃபீல்டும் வண்டி செய்த என்ஃபீல்டும் ஒரே நிறுவனம் அல்ல; ஒன்றின் புகழை மற்றொன்று தன் பெயராக்கிக்கொண்டது.

இந்தியப் படைக்கும் காவல்துறைக்கும் உறுதியான வண்டிகள் தேவைப்பட்டபோது, 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தில் தாய் நிறுவனம் 1970-71-ஆம் ஆண்டுகளில் மறைந்தது. திருவொற்றியூர்க் கிளை தழைத்தது.

என் தந்தையார் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் முப்பது ஆண்டு கடைசல் பிடித்தவர். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பட்டறையில் ‘தவ்’ என்பார்கள். “ரெண்டு தவ் கூடிப்போச்சுன்னா அது சாமான் இல்லடா, இரும்பு” என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு பாகத்தைக் கழற்றி அதேபோன்ற வேறொரு பாகத்தை மாட்டினால் சரியாகப் பொருந்த வேண்டும் என்னும் கொள்கை, முதன்முதலில் பெருமளவில் வளர்ந்தது துப்பாக்கித் தொழிலில்தான். அங்கிருந்தே அது தையல் எந்திரத்திற்கும் மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் பரவியது. நம் பகுதிப் பட்டறைகளின் கைத்திறமைக்கும் இக்கட்டுரையின் பொருளுக்கும் உள்ள உண்மையான உறவு இதுவே.

தானியங்கிக் கைத்துப்பாக்கி

சுழல்துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது சுடுபவரின் விரல் வலிமை. தானியங்கிக் கைத்துப்பாக்கியிலோ, சுடும்போது எழும் உதைப்பே அவ்வேலையைச் செய்கிறது. குண்டு முன்னே பாயும்போது மேல்மூடி பின்னே சறுக்குகிறது. வெற்றுக்கூடு வெளியே எறியப்படுகிறது. வில்லின் விசையால் மூடி முன்னே திரும்பும்போது பிடிக்குள் உள்ள பெட்டியிலிருந்து புதிய தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடுகிறது. வீணாகும் ஆற்றலை வேலைக்கு இழுத்த அறிவு இது.

இத்துறையில் தலைசிறந்தவர் ஜான் பிரௌனிங். அமெரிக்கரான இவருடைய கைத்துப்பாக்கிகளைப் பெல்ஜிய நாட்டின் எஃப்.என். நிறுவனம் செய்து உலகெங்கும் விற்றது. அக்கருவி தமிழக வரலாற்றிலும் இடம் பெற்றுள்ளது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பின்னர்த் தன்னையே சுட்டுக்கொண்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்திருந்த காலம் அது.

பிரௌனிங் 1926-இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் காலமானார். அவர் தொடங்கிவைத்த கடைசி வடிவத்தை அவருடைய உடன்பணியாளர் சேவ் என்பவர் முடித்தார். 1935-இல் வெளிவந்த அந்த 9 மில்லிமீட்டர் கருவியே ‘ஹை பவர்’. அதன் பெட்டியில் தோட்டாக்கள் ஒரே வரிசையாக நில்லாமல், துறைமுகத்தில் பீப்பாய் அடுக்குவதுபோல ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்றாக இரு வரிசையில் அமைந்தன. அதனால் பிடி அதிகம் பருக்காமலே 13 தோட்டாக்கள் அடங்கின.

போலந்து நாட்டின் பாடம்

இந்த இடத்தில் போலந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். நம்மைப் போலவே அந்நாடும் அயலாட்சியில் கிடந்து, 1918-இல் விடுதலை பெற்றது. ஆண்டு சென்ற மூன்று பேரரசுகளும் விட்டுப்போன வகைவகையான துப்பாக்கிகளே அதன் படையிடம் இருந்தன. ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. இக்குழப்பம் தீர, வில்னியேவ்சிட்ஸ், ஸ்க்ஷிப்பின்ஸ்கி என்னும் இருவர் பிரௌனிங்கின் முறையைக் கற்று, தம் நாட்டிற்கென ஒன்றை உருவாக்கினர். 1935-இல் ஏற்கப்பட்ட அதன் பெயர் ‘விஸ்’. ராடம் நகரில் அது செய்யப்பட்டது. போலந்தின் கழுகுச் சின்னம் அதன் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டது.

1939-இல் ஜெர்மனி போலந்தைக் கைப்பற்றியது. கழுகுச் சின்னம் நீக்கப்பட்டது. உற்பத்தி மட்டும் ஜெர்மானியருக்காகத் தொடர்ந்தது. தொழிலாளர்கள் பாகங்களைக் கடத்தி விடுதலைப் படையினருக்குக் கொடுத்தனர். இதைத் தடுக்கக் குழல்களை ராடத்தில் வைக்காமல் ஆஸ்திரியாவில் பொருத்தும்படி ஆக்கிரமிப்பாளர் ஏற்பாடு செய்தனர். போருக்குப்பின் சோவியத் மாதிரியான ‘டிடி’யும், அதன்பின் பி-64, பி-83 ஆகியவையும் வந்தன. 1999-இல் போலந்து நேட்டோ அணியில் சேர்ந்தது. காவல்துறைக்கு ஜெர்மானிய வால்தர் வகை உரிமம் பெற்று ராடத்தில் செய்யப்பட்டது. அண்மைக் காலத்தில் ராடம் தொழிற்சாலை உருவாக்கிய புதிய படைக்கருவிக்கு மீண்டும் ‘விஸ்’ என்றே பெயரிட்டனர். ஒரு கைத்துப்பாக்கியின் பெயர்ப் பட்டியலைப் படித்தாலே ஒரு நாட்டின் அரசியல் வரலாறு விளங்குகிறதல்லவா?

இச்சாப்பூர்

நம் நாட்டிற்கு வருவோம். வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இச்சாப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெடிமருந்துச் சாலை இருந்தது. அவ்விடத்திலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெல்ஜியம் ஜெர்மானியர் வசமானதால், ஹை பவர் துப்பாக்கியைக் கனடாவின் இங்கிலிஸ் நிறுவனம் செய்தது. அந்தக் கனடிய வகையை ஒட்டியே இச்சாப்பூரில் ‘பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ’ உருவாயிற்று. நம் படையினரும் காவல் அதிகாரிகளும் .38 சுழல்துப்பாக்கியை விட்டுப் படிப்படியாக இதற்கு மாறினர். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் 1966-இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலையும் சிறுபடைக்கலங்களைச் செய்துவருகிறது. 2021 அக்டோபர் 1 முதல் இச்சாப்பூர், திருச்சி ஆலைகள் இரண்டும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அரசு நிறுவனத்தின்கீழ் வந்துள்ளன.

போலந்து பிரௌனிங்கைக் கற்றுத் தனக்கென ஒன்றைப் படைத்தது. நாமோ பிரௌனிங் மரபை அப்படியே வாங்கிச் செய்தோம். செய்யும் திறமை நமக்கு இருந்தது, வரைபடம் அயலாருடையது. வரைபடத்தையும் நாமே வரையும் நாளே முழுமையான தற்சார்பு என்பது என் கருத்து.

கருவியும் சட்டமும்

இனிக் கடைசி வினாவுக்கு வருகிறேன். கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அதை எப்போது எடுப்பது என்பதைச் சட்டமே முடிவு செய்ய வேண்டும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமை இல்லை என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 46-ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது.

2014-இல் உச்ச நீதிமன்றம், காவல்துறையினர் சுட்டு ஒருவர் இறந்தால் பின்பற்ற வேண்டிய 16 நெறிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று, சுட்ட அதிகாரி தம் ஆயுதத்தைத் தடய ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது. இதன் அறிவியல் அடிப்படை எளியது. குழலின் உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டப்பட்டுள்ளன. வெட்டிய கருவியின் நுண்ணிய கீறல்கள் குழலுக்குக் குழல் வேறுபடும். குழல் வழியே செல்லும் குண்டின்மேல் அவை பதியும். நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, இந்தக் குண்டு இந்தக் குழலிலிருந்துதான் வந்தது என்று வல்லுநர் கூற முடியும். கடைசல் பிடிப்பவர் குறை என்று கருதும் அந்தக் கீறலே நீதிமன்றத்தில் சாட்சியாகிறது.

வேலைநிறுத்தங்களும் ஊர்வலங்களும் மிகுந்த தொழிற்பகுதி நம்முடையது. எதிரெதிரே நிற்கும் காவலரும் தொழிலாளரும் பல சமயம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஆகவே இந்த விதிகள் நமக்கு வெறும் தேர்வுப் பாடம் அல்ல. நம் வீட்டாரின் உயிர் பற்றியவை.

முடிவுரை

கோல்ட்டின் மர மாதிரி முதல் இச்சாப்பூரின் 1ஏ வரை, கருவி வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கண்டோம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும், 2021-இல் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்திலும் பழைய படைக்கலங்கள் பல உள்ளன. நண்பர்கள் ஒரு விடுமுறை நாளில் சென்று காண வேண்டும். காணும்போது, இதன் விட்டம் எவ்வளவு என்பதோடு நில்லாமல், இது யாரைக் காக்க யாரிடம் கொடுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். உறையில் இருந்தபடியே அமைதியைக் காக்கும் கருவியே சிறந்த கருவி. அதை உறையிலேயே இருக்கச் செய்யும் சட்டத்தைக் கற்பது நம் போன்ற மாணவர்களின் கடமையாகும்.